பஸ்ஸுக்கு நின்றவன்

நேற்று மத்தியானம் கைபேசியில் ஒரு பக்கத்தைத் திறந்தேன். அரசாங்க உத்தரவுப்படி இந்தத் தளம் முடக்கப்பட்டிருக்கிறது என்று ஒற்றை வரி வந்து நின்றது. என்ன தளம் என்று உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? அந்த மாதிரித் தளம்தான். ஐம்பத்தாறு வயதில், வீட்டுக்காரி லால்குடிக்குத் தங்கை வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில். அந்த வரியைப் பார்த்ததும் உன் முகம்தான் ஞாபகம் வந்தது. கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

இந்தத் தடை முதலில் வந்தபோது கொதித்தவன் நீ. மலைக்கோட்டைக்குக் கீழே உன் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து, "பெரியவங்க கதவச் சாத்திக்கிட்டு எதப் பாக்கறாங்கன்னு கவர்மென்ட்டுக்கு எதுக்குடா?" என்று கத்தினாய். டெல்லிக்கு மனு அனுப்புவோம் என்றாய். எனக்குத் தமிழ் வரும் என்று எழுதும் வேலையை என் தலையில் கட்டினாய். குழந்தைகள் சம்பந்தப்பட்டதைத் தடுப்பதில் நமக்கும் சம்மதமே என்று முதல் பத்தியிலேயே எழுதினேன். விஷயத்துக்கு வந்ததும் பேனா நகரவில்லை. 'இன்னபிற தளங்கள்' என்று போட்டேன். நீ கடை அதிரச் சிரித்தாய். "என்ன வேணும்னே சொல்லாம கேட்டா எவன்டா குடுப்பான்?" நீயே அதை அடித்து, 'வயது வந்தோர் பார்க்கும் பாலியல் தளங்கள்' என்று எழுதினாய்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டு அருகே தடையை நீக்கச் சொல்லும் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். கூட்டம் சேர்ந்ததும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, நான் எதிர்ப்பக்கம் கரும்புச்சாறு வண்டியோரம் ஒதுங்கினேன். கூட்டம் சேர்ந்தது, கேலி செய்ய. உள்ளூர் டிவிக்காரர் மைக்கை நீட்டி, "உங்க கூட வேற யாருங்க?" என்றார். நீ என்னைப் பார்த்தாய். அவரும் திரும்பி, "நீங்களும் இவரோடவாங்க?" என்று குரல் கொடுத்தார்.

"இல்லைங்க, நான் ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்கு நிக்கறேன்."

போதாக்குறைக்கு, வந்த பஸ்ஸில் ஏறியும் விட்டேன். மறுவாரம் என் மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. வந்த சம்பந்தி காபியை உறிஞ்சிக்கொண்டே, "டிவியில வந்தானே, அந்த அசிங்கம் பிடிச்சவன் உமக்கு சிநேகிதனாமே?" என்று கேட்டார். முகப்பழக்கம்தான் என்றேன். கல்யாணத்துக்கு உனக்குப் பத்திரிகை வைக்கவில்லை.

அதற்குப் பிறகு தாய்மார்கள் பிள்ளைகளை உன் கடைக்கு அனுப்பவில்லை. கடையை மூடிவிட்டு எடமலைப்பட்டி புதூருக்குக் குடிபோனாய். மனுவை எழுதியது யார் என்று கேட்டவர்களிடமெல்லாம் "நான்தான்" என்றாயாம். ஒரு தடவை பஸ்ஸில் பார்த்தபோது, "கல்யாணச் சாப்பாடு எப்படிடா?" என்று மட்டும் கேட்டாய். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

போன மாசம் உன் காரியத்துக்கு வந்திருந்தேன். உன் மகள் பழைய ஃபைலிலிருந்து அந்த மனுவின் நகலை எடுத்து வந்தாள். பதினோரு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். உன்னுடையது இரண்டாவது வரியில் இருந்தது. முதல் வரி காலி.

"அப்பா ஏன் மாமா ஒண்ண விட்டுட்டு ரெண்டுல போட்டிருக்காரு?"

எழுதினவன்தான் முதலில் போட வேண்டும் என்று நீ பிடிவாதம் பிடித்ததும், கல்யாணப் பேச்சு முடியட்டும் என்று நான் தள்ளிப்போட்டதும் நம் இருவருக்கு மட்டுமே தெரியும். இடத்தை விட்டுவிட்டே அனுப்பியிருக்கிறாய்.

உன் படத்துக்கு எதிரில் நின்றுகொண்டு, "தெரியலைம்மா" என்றேன்.

நகலை என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னாள். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறதடா. அவளிடம் போய் உண்மையைச் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.