முன்பல்லுக்காக உடைத்த பற்கள்

பட்டர்வொர்த்துக்குப் போகும் ஃபெரியில், எதிரே ஒரு தாய் பிள்ளையின் நெஞ்சில் யூகலிப்டஸ் தைலம் தேய்க்கிறாள். மடியில் கிளாரினெட் பெட்டியை வைத்துக்கொண்டு தனியாகச் சிரிக்கிறேன். அந்த வாசனையில் உன் பல் வைத்திய அறையே மூக்கில் ஏறிவிட்டது, என்ன செய்ய!

அந்த வருஷம் நினைவிருக்கிறதா? என் மேல்வரிசை முன்பல்லை நீ வேர்வரை குடைந்து, கெத்தா பிசின் அடைத்துக் காப்பாற்றியிருந்தாய். நம் மலாயாக் காட்டு மரத்தில் வடிந்து, சீமைக்குப் போய்க் குச்சியாகத் திரும்பி வந்த பிசின். அந்தப் பல்லின் ஈறு மறுபடி வீங்கியது. பார்த்தவர்களெல்லாம் பிடுங்கச் சொன்னார்கள். பிடுங்கினால் கிளாரினெட்டை எதில் ஊன்றி வாசிப்பேன்? புக்கிட் மெர்தாஜாம் கோயில் தேர் வேறு நெருங்கியது. பழைய பிசினை மிச்சமில்லாமல் எடுத்தால் பல் நிற்கும் என்றாய். எப்படி எடுப்பது என்பதில்தான் நமக்குச் சண்டை.

மருந்துக்கடையில் வேலை பார்த்த நான் இதே யூகலிப்டஸ் தைலத்தில் ஊறவைக்கச் சொன்னேன். "கடையில விக்கிறதெல்லாம் உனக்கு மருந்துலா! குளோரோபாரம் ஒரு சொட்டு விடு, வெண்ணெயா உருகிடும்" என்றாய். வெறும் கொக்கி ஊசியால் இழுக்கும் வழியை இருவருமே மதிக்கவில்லை.

நீ பிடுங்கிச் சேர்த்திருந்த பற்களில் பிசினை அடைத்தோம். மூன்று வழியிலும் சுத்தம் செய்து, உளியால் நீளவாக்கில் பிளந்து, பூதக்கண்ணாடியில் பார்த்தோம். என் தைலத்துக்கு இளக்கவே நேரம் போதவில்லை. உன் குளோரோபாரமோ நொடியில் கரைத்து, கரைந்ததைச் சுவரெல்லாம் பூசிவைத்திருந்தது. கொக்கியால் இழுத்த பல்தான் உள்ளே பளிச்சென்றிருந்தது. "அலாமாக்! ரெண்டு பேரும் தோத்தோம்டா!" என்று நீ குதித்த குதியில் பற்கள் தரையெங்கும் உருண்டன. தோற்றதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மறுநாள் என்னை நாற்காலியில் சாய்த்தாய். கொக்கி பிடிப்பதற்காக மேலே மட்டும் ஒரு சொட்டு குளோரோபாரம், அதன்பின் இழுப்பதுதான். பழைய குச்சி நுனியோடு வந்தது. "பாருடா, முழுசா வந்துடுச்சு!" என்று கத்தினாய். வாயைத் திறந்தபடியே நானும் கத்தினேன். கழுவி, மருந்து வைத்து, வீக்கம் வடிந்த பிறகு அடைத்தாய். தேரன்று வாசித்தேன். ஊரே என் விரல்களைப் பார்த்தது. நீ மட்டும் பல்லையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனபோது அடக்கத்துக்கும் நான்தான் வாசித்தேன். உதடு நடுங்கியது. பல் அசையவில்லை.

இதோ, கரை வந்துவிட்டது. இன்று மாலை தேர். நீ பிடுங்காமல் விட்டுப்போன பல்லில் ஊன்றித்தான் வாசிக்கப்போகிறேன், கேளடா.