பையில் பொடிசுக்கு ஒன்றுமில்லை

ஒன்பதாம் நாள், காலை

என்னங்க,

‘அன்புள்ள’ என்று தொடங்கிப் பார்த்தேன். விடுப்புக் கடிதம் மாதிரி இருந்தது. அதனால் எட்டு வருடமாகக் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டுவிடுகிறேன். நீங்களும் பெரியவளும் நலம் என்று நம்புகிறேன். அவளுக்கு அம்மைப் பொரியெல்லாம் காய்ந்துவிட்டதாக அண்ணன் சொன்னார். சொறியவிடாதீர்கள். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். ஆறு வயதுக்காரிக்குப் புத்தி சொல்லி ஆகாது, கைக்கு ஏதாவது வேலை கொடுங்கள்.

இதைப் போனில் சொல்லக்கூடாதா என்பீர்கள். இது ஆஸ்பத்திரியில் அம்மாக்களுக்கென்று எட்டுக் கட்டில் போட்ட அறை. நான் பேசுவதை ஏழு பேர் கேட்கிறார்கள், பேசி முடித்ததும் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். தவிர, போனில் நாம் “அப்புறம்?” “அப்புறம் ஒண்ணுமில்ல” என்பதற்கு மேல் என்னதான் பேசுகிறோம்?

நேற்று பை வந்தது. நீங்கள் அதை வாசல்படியில் வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் அண்ணன் எடுத்தாராம். ஆள்கடத்தல் விவகாரம் மாதிரி இருந்தது என்று சிரித்தார். உள்ளே இரண்டு நைட்டி, வளையல், முகப்பவுடர், சென்ட் பாட்டில், கம்பளிச் சால்வை. நல்ல மனதோடு வைத்தவை என்று தெரியும். ஆனால் பவுடரையும் சென்ட்டையும் கண்டதும் பெரிய சிஸ்டர், “இதெல்லாம் யாரும்மா வச்சது, கல்யாணத்துக்கா வந்திருக்கே?” என்று கேட்டுவிட்டு அப்படியே அண்ணன் கையில் திருப்பிக் கொடுத்தார். நம் பொடிசு இருக்கிற குறைமாதக் குழந்தைகள் வார்டில் வாசனை எதுவும் கூடாது. குழந்தைகளின் நுரையீரல் தாங்காது. கம்பளியில் பஞ்சு பறக்கும். வளையல், மோதிரம், கடிகாரம் ஒன்றும் ஆகாது. முழங்கைவரை சோப்புப் போட்டு, இரண்டு நிமிடம் தேய்த்துக் கழுவிய பிறகுதான் கதவு திறக்கும். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை கழுவுகிறேன். விரல் முட்டியெல்லாம் வெடித்துவிட்டது. ஆகவே வாசனையில்லாத களிம்பு ஒரு டப்பா அனுப்புங்கள்.

நைட்டி இரண்டும் தலைவழியாகப் போடுகிறவை. எனக்கு வேண்டியது முன்னால் முழுக்கப் பொத்தான் வைத்தது. உங்கள் பழைய சட்டைகளே போதும், அந்த நீலக் கட்டம் போட்டதையும் சாம்பல் நிறத்தையும் அனுப்புங்கள். பொடிசு கொஞ்சம் தேறியதும் அவளைச் சட்டைக்குள் என் நெஞ்சோடு சேர்த்துப் போட்டுக்கொள்ளச் சொல்வார்களாம். பக்கத்துக் கட்டில் டீச்சர் தன் இரட்டைக் குழந்தைகளை மாற்றி மாற்றி அப்படித்தான் வைத்திருக்கிறார். அவர் இங்கே வந்து ஐம்பது நாள் ஆகிறது. எந்த அம்மா வந்தாலும் அவரிடம்தான் முதலில் பாடம். ரப்பர் செருப்பு, முடி விழாமல் இறுக்கும் கிளிப், பால் புட்டியில் தேதியும் நேரமும் எழுத அழியாத பேனா, நீளமான சார்ஜர் வயர் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். வயர் நீளமாக வேண்டும். பிளக் இருப்பது ஜன்னல் பக்கம். அந்த ஜன்னலும் உள்ளங்கை அகலத்துக்கு மேல் திறக்காது. அந்த இடுக்கில் எதிர்க் கட்டிடத்தின் தண்ணீர்த் தொட்டி ஒன்றுதான் தெரியும். அதையே பார்த்துக்கொண்டு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பால் எடுக்கிறேன். எடுத்து, எழுதி, கொடுத்து, கழுவி முடிப்பதற்குள் அடுத்த வேளை வந்துவிடுகிறது. வாசல் கேட்வரை நடந்துவிட்டு வரலாம் என்று மூன்று நாளாக நினைக்கிறேன்.

இனி பொடிசின் சாமான்கள். நான் எழுத வந்தது இதற்குத்தான். பையை இரண்டு முறை கவிழ்த்துப் பார்த்தேன். அவளுக்கென்று ஒரு துணிகூட இல்லை.

தலைச்சுற்றளவு இருபத்தேழு சென்டிமீட்டர். பருத்திக் குல்லா இரண்டு, தையல் வெளிப்பக்கமாக இருக்க வேண்டும். ஆடைத் தொழிற்சாலையில் அளவு பார்ப்பவளாக ஒன்பது வருடம் இருந்தும் இவ்வளவு சிறிய உருப்படியைக் கையில் எடுத்ததில்லை. சட்டை முன்பக்கம் பிரிவதாக, தோளில் ஒட்டுவதாக இருக்கட்டும். மூச்சும் துடிப்பும் பார்க்கிற ஒயர்கள் வெளியே வர வேண்டும். இரும்புப் பொத்தான் வேண்டாம், எக்ஸ்ரே எடுப்பார்கள். கைக்குட்டை அளவில் வெள்ளைத் துணி நான்கு வேண்டும். ஒன்றை நான் நெஞ்சில் வைத்திருந்து, பிறகு அவளைக் கதகதப்பாக வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பேன். என் வாசனை அவளுக்குத் தெரிய வேண்டுமாம்.

நம் வீடு அம்மை வீடு. அதனால் அண்ணி வாங்கி, கொதிநீரில் அலசி, இஸ்திரி போட்டுப் புது கவரில் கட்டித் தரட்டும். அண்ணியிடம் நானே சொல்லலாம். ஆனாலும் நீங்கள் சொல்லுங்கள். அளவை நீங்கள் உங்கள் வாயால் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. பெட்டியின் ஓரத்தில் வீட்டார் படம் ஒட்டிக்கொள்ளலாம். பிளாஸ்டிக் உறைபோட்டு அனுப்பினால் சிஸ்டர் மருந்து தொட்டுத் துடைத்து ஒட்டித் தருவார். பெரியவள் படமும் உங்கள் படமும் வேண்டும்.

பெரியவளின் பொரி காய்ந்து மூன்று வாரம் ஆகும்வரை நீங்கள் இந்தப் பக்கமே வரக்கூடாது என்று டாக்டர் சொன்னாரே, அதற்குப் பெரிய சிஸ்டர் ஒரு வழி சொன்னார். எனக்கு வந்தது போல உங்களுக்கும் சின்ன வயதிலேயே அம்மை வந்து போயிருந்தால் ரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுத்துவிடுமாம். அப்படியென்றால் உடனே வரலாமாம். நாளைக்கே போய்க் கொடுங்கள்.

பொடிசின் எடை ஆயிரத்து நூற்றுப் பத்து கிராம். பிறந்ததைவிட நாற்பது குறைவு. முதலில் குறையும், பிறகுதான் ஏறும் என்கிறார்கள். சில சமயம் மூச்சுவிட மறந்துபோகிறாள். சிஸ்டர் பாதத்தைச் சுண்டினால் ஞாபகம் வந்து மூச்சு விடுகிறாள். உங்கள் மகள்தான், சந்தேகமில்லை.

உங்கள் வீட்டுக்காரி


இருபதாம் நாள், மத்தியானம்

என்னங்க,

இரண்டாவது பை வந்து சேர்ந்தது. சட்டை, செருப்பு, களிம்பு, வயர் எல்லாம் சரி. குல்லா அளவில் ஒரு நூல்கூடப் பிசகவில்லை. அண்ணிக்குச் சொல்லுங்கள். பெரியவளின் படத்தைப் பெட்டியில் ஒட்டியாகிவிட்டது. முன்பல் இல்லாமல் சிரிக்கிற படமா கிடைத்தது உங்களுக்கு? வருகிற டாக்டரெல்லாம் அதைப் பார்த்துவிட்டுத்தான் பொடிசைப் பார்க்கிறார்கள். உங்கள் படம் உறையில் இல்லை. மறந்துவிட்டீர்கள் போல.

பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை என்று போனில் சொன்னீர்கள். ஒருமுறை நேரில் போய்க் கேளுங்கள்.

முந்தாநாள் அவளை முதல்முறையாக நெஞ்சில் போட்டுக்கொண்டேன். உங்கள் நீலக் கட்டச் சட்டைக்குள். ஒரு பூனைக்குட்டியின் கனம்கூட இல்லை. ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன், கால் மரத்துவிட்டது. அந்த ஒரு மணி நேரமும் அவள் ஒருமுறைகூட மூச்சை மறக்கவில்லை.

டீச்சர் இரண்டு குழந்தைகளோடும் நேற்று வீட்டுக்குப் போய்விட்டார். எல்லாரும் கை தட்டினோம். பிறகு அவரவர் கட்டிலில் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டோம். சந்தோஷம்தான். ஆனாலும் கதவு அவருக்குத் திறந்து நமக்கு மூடிக்கொள்கிறதே. இன்று அந்தக் கட்டிலுக்கு ஒரு சின்னப் பெண் வந்திருக்கிறாள். அழுதுகொண்டே, “அக்கா, வீட்லேர்ந்து என்னென்ன எடுத்துட்டு வரச் சொல்லணும்?” என்று என்னைக் கேட்டாள். என்னை! நானும் ரப்பர் செருப்பிலிருந்து தொடங்கினேன்.

பெரியவளுக்கு என் முத்தம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி


முப்பத்து மூன்றாம் நாள், காலை

என்னங்க,

சில விஷயங்களைப் போனில் உங்களிடம் மறைத்துவிட்டேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்கள் மறைத்ததைப் பேசலாம்.

இருபத்தேழாம் நாள் காலையில் பொடிசின் நிறம் சாம்பலாகிவிட்டது. வயிறு உப்பியிருந்தது. பாதத்தைச் சுண்டியும் மூச்சு வரவில்லை. ரத்தத்தில் கிருமி என்றார்கள். பாலை நிறுத்திவிட்டு, தொண்டையில் குழாய் போட்டு மறுபடியும் மூச்சு இயந்திரத்தில் வைத்தார்கள். ஒரு காகிதம் கொடுத்தார்கள், கையெழுத்துப் போட்டேன். அன்று சாயங்காலம் நீங்கள் “சாப்பிட்டியா?” என்று கேட்டீர்கள். “ம், சாப்பிட்டேன்” என்றேன். அவளைப் பற்றி நீங்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆறு நாளாக அவள் அப்படித்தான் கிடக்கிறாள். மருந்து வேலை செய்யத் தொடங்கியிருக்கிறது என்று நேற்று டாக்டர் சொன்னார். வேறு எதையும் உறுதியாகச் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார். குடிக்க ஆளில்லாத பாலை நான் இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்து, தேதி எழுதி, குளிர்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று அண்ணி வந்திருந்தாள். பேச்சுவாக்கில், “அவருக்குத்தான் ஒண்ணும் ஆகாதுன்னு பன்னெண்டாம் நாளே ரிசல்ட் வந்துடுச்சே, இன்னும் ஏன் யோசிக்கிறார்?” என்றாள். சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள். பாவம், வாயைக் கையால் மூடிக்கொண்டாள். முடிவு வராமலா இருந்தது? மூன்று வாரக் கெடுவும் போன வாரமே முடிந்துவிட்டது. அதைச் சொன்னால், “இன்னும் ஒரு வாரம் போகட்டும், எதுக்கு ரிஸ்க்கு” என்றீர்கள்.

கோபம் வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வந்தது. மத்தியானம்வரை இருந்தது. கேட்வரை நடந்தேன். முப்பத்திரண்டு நாளில் முதல் தடவை. ரோட்டில் பஸ் போகிறது, யாரோ யாரையோ திட்டுகிறார்கள். வெளியே போய்விடலாம், யாரும் தடுக்கவில்லை. நூறு எண்ணுவதற்குள் திரும்பி ஓடிவந்துவிட்டேன். அப்போதுதான் உங்களைப் பற்றி யோசித்தேன். நான் இங்கே அடைபட்டுக் கிடக்கிறேன். நீங்கள் அங்கே, பையை வைத்துவிட்டுச் சாத்திக்கொண்ட கதவுக்குப் பின்னால்.

போன தடவை நீங்கள் ஒரு மாதம் முன்னாலேயே பை கட்டினீர்கள். தொப்பி, கையுறை, மஞ்சள் போர்வை என்று ஒவ்வொன்றாக வைத்து எனக்குக் காட்டினீர்கள். அவன் இரண்டு நாள் இருந்தான். அந்தப் பை பிரிக்காமலேயே வீட்டுக்கு வந்தது. அதை நீங்கள் எங்கே வைத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை. இந்தத் தடவை பையில் ஏன் அவளுக்கென்று ஒன்றும் இல்லை என்று பை வந்த அன்றே எனக்குப் புரிந்தது. புரிந்துகொண்டேதான் குல்லா அளவு எழுதினேன்.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். நானும் முதல் நான்கு நாள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு திரையில் ஓடுகிற எண்ணைத்தான் பார்த்தேன். முகத்தைப் பார்த்தால் மாட்டிக்கொள்வோம் என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் அவள் தும்மினாள். குழாய்கள், ஒயர்கள் எல்லாவற்றோடும் ஒரு தும்மல். என்னையறியாமல் பார்த்துவிட்டேன். உங்கள் நெற்றி. இடது புருவம் மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கிறது, யாரையோ கேள்வி கேட்கிற மாதிரி.

உங்கள் லிஃப்ட் வேலையில் நடந்ததாக நீங்கள் சொன்னது ஒன்று. ஏழாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் நடுவில் ஒரு வயதான அம்மா நான்கு மணி நேரம் மாட்டிக்கொண்டார். உங்கள் ஆட்கள் மேலே மோட்டாரோடு மல்லுக்கட்ட, நீங்கள் கதவிடுக்கில் வாயை வைத்து அவரிடம் பேசிக்கொண்டே இருந்தீர்கள். பேரன் பேத்தி, முழங்கால் வலி, விலைவாசி, ஒன்றையும் விடவில்லை. “கதவு திறக்குமான்னு அப்போ எனக்கே தெரியாது, ஆனா பேச்சை நிறுத்தினா அந்தம்மா பயந்துடுவாங்கல்ல?” என்று என்னிடம் சொன்னீர்கள். அன்றைக்குத்தான் உங்களை முழுசாகப் பிடித்துப்போனது.

இவள் உள்ளே இருக்கிறாள். பெட்டியின் பக்கவாட்டில் கை நுழைகிற வட்டக் கதவு இரண்டு இருக்கின்றன. வாயைக் கிட்டே வைத்துப் பேசினால் அவளுக்குக் கேட்கும் என்று சிஸ்டர் சொல்கிறார். நான் பேசிப் பேசி எனக்குச் சரக்குத் தீர்ந்துவிட்டது. பொழுது விடிந்தால் எடையும் மருந்தும்தான் என் வாயில் வருகிறது. அவளுக்கு உங்கள் குரல் தெரியாது. தெரியாமலேயே எதுவும் நடந்துவிடக்கூடாது. இதற்கு மேல் எழுத என்னால் முடியவில்லை, புரிந்துகொள்ளுங்கள்.

பெரியவளை அண்ணி பார்த்துக்கொள்வாள், கேட்டுவிட்டேன். அப்பாக்களுக்குக் காலை பதினொரு மணியிலிருந்து அரை மணி நேரம். மூன்றாம் மாடி, இடது கைப் பக்கம். முழங்கைவரை கழுவுங்கள். பெட்டியருகே வரத் தயங்கினால் பரவாயில்லை, இங்கே எல்லா அப்பாக்களும் தயங்குகிறார்கள், யாரும் பார்க்க மாட்டார்கள். என்ன பேசுவது என்று யோசிக்காதீர்கள். விலைவாசியிலிருந்து ஆரம்பியுங்கள்.

நாளைக்கு வாருங்கள். நாளைக்கே வாருங்கள்.

உங்கள் மூன்று பிள்ளைகளுக்கும் அம்மா