முன்வாசல் வழியாக வந்த அக்கா

அன்புள்ள அக்கா,

இன்று காலை ஆபீசுக்குப் போகிற வழியில் ரைஸ் மில்லைக் கடந்தபோது புதுத் தவிட்டின் வாசனை மூக்கில் ஏறியது. வண்டியை ஓரம் கட்டிவிட்டேன். நீ எங்களை விட்டுப் போன பிறகு வந்திருக்கும் முதல் அறுவடை இது.

நாம் குடும்பத்தோடு அந்த அருங்காட்சியகத்துக்குப் போன ஞாயிற்றுக்கிழமைதான் கண்முன் வந்தது. இடிக்க இருந்த பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து, காஞ்சிபுரத்துக்கு வெளியே திரும்பக் கட்டி வைத்திருந்தார்கள். அங்கே எதையும் தொடலாம், செய்து பார்க்கலாம். என் மகள் சக்கரத்தில் ஒரு கோணல் சட்டி செய்தாள். தறியில் உட்கார்ந்து நாடா தள்ளி இழையை அறுத்தாள். நீ சிரித்துக்கொண்டே வந்தாய். பெரிய தூண்கள் வைத்த வீட்டின் வாசற்படி வந்ததும் நின்றுவிட்டாய்.

"நீங்க போய் பாத்துட்டு வாங்கபா. நா இங்கியே நிக்கிறேன்."

"ஏன் அத்தை? டிக்கெட் வாங்கினுதானே வந்தோம்?" என்றாள் என் மகள்.

நீ ஏன் நின்றாய் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் அம்மாவோடு அப்படிப்பட்ட ஒரு வீட்டுக்கு நெல் குத்தப் போனவள் நீ. கொல்லைப்புறம்தான் உங்களுக்கு வழி. பிறகு தையல் கடை வைத்து, கல்யாணப் பெண்கள் பட்டோடு உன்னைத் தேடி வந்து காத்திருக்கிற அளவுக்கு உயர்ந்தும், அந்தப் படி உன் காலைப் பிடித்துக்கொண்டது.

உனக்காக எல்லோரும் வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைக்குப் போனோம். அங்கே வழிகாட்டிப் பெண் உரலில் நெல்லைக் கொட்டி, வந்தவர்களைக் குத்திப் பார்க்கச் சொன்னார். ஆளாளுக்கு நெல்லைச் சிதறடித்தார்கள். நீ முந்தானையைச் செருகிக்கொண்டு உலக்கையை வாங்கினாய். கை மாற்றி மாற்றி நீ குத்தியதில் ஒரு மணிகூட வெளியே விழவில்லை. கூட்டம் கூடிவிட்டது.

"எங்க கத்துக்கினீங்கம்மா?" என்று கேட்டார் அந்தப் பெண்.

"இந்த மாதிரி வூட்லதாம்மா. கொல்லப்பக்கமா வந்து குத்திட்டு, கொல்லப்பக்கமாவே போவோம். முன்வாசல்ல ஒரு நாளும் வுட்டதில்ல."

இதையெல்லாம் ஏன் இங்கே சொல்கிறாய் என்று நான் கூனிக்குறுகினேன். இன்றுதான் உன்னிடம் ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பெண்ணோ உன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இத்தன மாசமா இந்த வூட்டச் சுத்திக் காட்டறேன், இது எனக்குத் தெரியாதும்மா. உள்ள வந்து எல்லாருக்கும் சொல்றீங்களா?"

நீ என்னைப் பார்த்தாய். பிறகு என் மகளின் கையைப் பிடித்து, மறுபடியும் சுற்றி நடந்து, முன்வாசல் வழியாக உள்ளே போனாய். கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்து, அத்தனை பேருக்கும் முன்னால் அம்மாவின் பெயரைச் சொல்லிப் பேச்சைத் தொடங்கினாய்.

பஸ்ஸில் திரும்பும்போது, "காலு கூசுச்சுடா. உள்ள போனாத்தானே கூச்சம் போவும்" என்றாய்.

ஆபீசில் என்னிடம் மனு கொடுக்க வருகிறவர்களில் பலர் செருப்பைக் கழற்றிவிட்டு, கதவுக்கு வெளியே நின்றபடியே காகிதத்தை நீட்டுவார்கள். முன்பெல்லாம் அப்படியே வாங்கிக்கொள்வேன். இப்போது எழுந்து போய், "உள்ள வாங்கம்மா, உக்காந்து சொல்லுங்க" என்று நாற்காலியை இழுத்துப் போடுகிறேன். தயங்கித் தயங்கித்தான் வருகிறார்கள். உட்கார்ந்த பிறகு குரல் தெளிவாக வருகிறது, அக்கா.

உன் தம்பி