சேற்றில் புதைந்த ஷூ

அம்மாவுக்கு வணக்கம். நான் நலம். உன் முழங்கால் தேவலையா?

ஞாயிறன்று எங்கள் கம்பெனி ஓட்டப்பந்தயத்தில் ஓடினேன். காட்டுக்குள் சைக்கிள் பந்தயம் விடுகிற மலைத்தடம். மழை பெய்து ஒரே சேறு. என் ஷூ ஒன்று புதைந்துவிட்டது. அடி எதுவும் இல்லை, பயப்படாதே.

முன்னால் ஓடிய எங்கள் கம்பெனி ஸ்டோர்காரர் திரும்பி வந்து, சேற்றில் கையை விட்டுத் தோண்டினார்.

"விடுங்கண்ணே, நீங்க ஓடுங்க."

"ஓடி என்னத்தக் கிழிக்கப்போறேன்?"

எல்லாரும் எங்களைத் தாண்டிப் போனார்கள். முடிந்ததும், கழுவித் தருகிறேன் என்று அந்த ஒற்றை ஷூவை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதற்குமுன் அவரிடம் பேசியதுகூட இல்லை. அடுத்தவன் செருப்பைச் சும்மா யார் தொடுவார்கள்? அவர் வீட்டில் கல்யாண வயதில் பெண் இருக்கிறதோ என்னவோ.

இரண்டு பேருக்கு டீ போட எவ்வளவு தூள் வேண்டும், எழுது. எனக்கு ஒருவனுக்குப் போட்டுத்தான் பழக்கம்.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அவராகத்தான் இருக்கும், இந்த அறைக்கு வேறு யாரும் வந்ததில்லை. இன்றைக்குக் குத்துமதிப்பாகப் போட்டுக்கொள்கிறேன்.

உன் மகன்