எல்லார் முன்னாலும் சொன்ன இலக்கு

சித்தப்பா, உங்கள் புத்தகத்தைத் திறந்தால் இன்னும் ரப்பர் ஷீட்டின் புகை மணம் வருகிறது. அடுக்களைப் பரணில், அடுப்புப் புகையில் ஷீட் காய்கிற இடத்தில் வைத்திருந்தீர்களே, அதனால். நீங்கள் விற்பனையாளராக இருந்த பெயின்ட் கம்பெனியின் மேனேஜர் உங்கள் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்த புத்தகம். மனிதர்களை நம் வழிக்குக் கொண்டுவருவது எப்படி, இலக்கு வைத்து வேலை செய்வது எப்படி என்று சொல்வது. "சும்மா தாறவன நம்பாத, ஏட்டி" என்று சொல்லிக்கொண்டேதான் படித்தீர்கள். உங்களுக்குப் பின்னால் நானும் படித்தேன். வீட்டில் யாரையும் நம்ப முடியாமல் போனது அதற்குப் பிறகுதான்.

முதலில் சின்னதாக ஏதாவது கொடு, பிறகு பெரிதாகக் கேள் என்று ஓர் அத்தியாயம். அதைப் படித்த வாரத்தில் புதுக்கடையிலிருந்து எனக்கு நேந்திரம்பழத்தில் பொரித்த பழம்பொரி வாங்கி வந்தீர்கள்.

"என்ன வேணும், சொல்லுங்க."

"ஒண்ணும் வேண்டாம் மக்கா. தின்னு."

"இது மூணாம் அத்தியாயம்லா?"

சிரித்தீர்கள். கடைசிவரை எதுவும் கேட்கவில்லை. எப்போது கேட்பீர்கள் என்று நான்தான் காத்திருந்து ஏமாந்தேன்.

நம் சர்ச்சின் அறுப்பின் பண்டிகை நினைவிருக்கிறதா? காணிக்கையாக வந்த காய்கனிகளைக் கோயில் முற்றத்தில் ஏலம் விடுவார்கள். புத்தகம் சொல்கிறபடி ஒருவன் ஆசைப்பட்டால் ஊரே ஆசைப்படுமா என்று பார்க்க, மூலையில் கிடந்த ஒரு சொத்தைப் பலாப்பழத்தை, நம் ஊர்ச் சக்கையை, தேர்ந்தெடுத்தோம். ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து போட்டிக்குக் கேட்டோம். மூன்றாவது ஆள் வந்ததும் நிறுத்துவதாக ஏற்பாடு. நான் நிறுத்தினேன். உங்களால் முடியவில்லை. மூன்றாவதாக வந்தவர் விலையைக் கூட்ட, நீங்கள் கூட்ட, சபை கைதட்ட, சக்கை உங்கள் தோளில் ஏறியது.

"வித்த தெரிஞ்சவருல்லா நீங்க? பொறவு எப்படி மாட்டுனீங்க?"

"எல்லாரும் நம்மளயே பாக்கும்போ நாக்கு நம்ம பேச்சக் கேக்காது ஏட்டி."

உங்கள் கம்பெனியின் மாதாந்திரக் கூட்டத்திலும் அதே ஏலம்தான். ஒவ்வொருவராக எழுந்து அடுத்த மாத இலக்கை உரக்கச் சொல்ல வேண்டும். முன்னால் எழுந்தவன் சொன்னதைவிடக் கொஞ்சம் கூட்டி. வீட்டில் நடித்துக் காட்டிச் சிரிக்கவைத்தீர்கள். டார்கெட்டுக்கும் டார்ச்சருக்கும் தூரம் குறைவு என்றேன். அதற்கு மட்டும் சிரிக்கவில்லை.

மாதத்தின் கடைசி நாள். கொட்டும் மழை. குலசேகரத்தில் இன்னும் ஒரு கடை பாக்கி என்றீர்கள். போகாதீங்க என்று சித்தி கதவை மறித்தாள். "எல்லாரு முன்னாலயும் சொல்லிப்போட்டேன், பிள்ளே" என்று வண்டியை எடுத்தீர்கள். குலசேகரத்துக்கு முந்திய வளைவில் வண்டி சறுக்கியது.

உங்கள் அடக்கத்துக்கு மேனேஜர் வந்தார். என் கையை இரண்டு கையாலும் பிடித்தார். வாக்கியத்துக்கு வாக்கியம் என் பெயரைச் சொன்னார். எதிரில் இருப்பவரைப் போலவே இருந்து காட்டு என்பது ஐந்தாம் அத்தியாயம். சோதிக்க என் காதைச் சொறிந்தேன். அவரும் சொறிந்தார். கண் மட்டும் சிவந்திருந்தது. அந்தக் கண்ணை நம்புவதா, காதை நம்புவதா? இன்றுவரை தெரியவில்லை.

போன வாரம் எங்கள் வகுப்புக்கு ஒரு பயிற்சியாளர் வந்தார். எல்லோரும் எழுந்து இலக்கைச் சொல்லுங்கள் என்றார். முதல் பெஞ்சு பள்ளியில் முதலிடம் என்றது, அடுத்தது மாவட்டத்தில், அதற்கடுத்தது மாநிலத்தில். இன்னும் இரண்டு பெஞ்சு போனால் நிலாவிலும் நாங்கள்தான் முதலிடம். என் முறை வந்தது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நாக்கு கூட்டிச் சொல்லத் துடித்தது, சித்தப்பா. கேலி செய்ய அல்ல, நிஜமாகவே. ஒரு மூச்சு விட்டேன்.

"எனக்கு இன்னும் தெரியாது சார்."

பக்கத்தில் இருந்தவள் எழுந்தாள். "எனக்கும் தெரியாது சார்." அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி.

சந்தோஷம் வருமுன் சந்தேகம் வந்துவிட்டது. நானும் ஒரு ஏலத்தைத் தொடங்கிவிட்டேனோ? மணி அடித்ததும் அவளைப் பிடித்தேன்.

"ஏட்டி, உனக்கு நெசமாவே தெரியாதா? இல்ல, நான் சொன்னேன்னு சொன்னியா?"

அவள் யோசித்தாள். "தெரியாதுன்னு சொல்லலாம்னே இப்பம்தான் தெரியும்."

இப்போது யார் என்ன கேட்டாலும் அந்த ஒரு மூச்சை விட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன். உங்களை அந்த ஒரு மூச்சு விட யாரும் விடவில்லையே, சித்தப்பா.