பதில் சொன்னது யார்

பிச்சாட்டூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் கௌசிகாவுக்கு நைனா எழுதிக்கொள்வது. அயர்லாந்தில் குளிர் ஆரம்பித்துவிட்டது என்று சொன்னாய், நீயும் மாப்பிள்ளை கோபிகிருஷ்ணனும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று பெருமாளை வேண்டிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்கிற வரியை இந்தத் தடவை விட்டுவிடுகிறேன், அந்தச் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. தினமும் போனில் பேசுகிற மனிதர் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறார் என்று பயப்படுவாய். பயப்படு. உன் அம்மா சொல்லித்தான் எழுதுகிறேன். போனில் என்றால் நான் வழவழவென்று பேசி வேறு கதையாக்கிவிடுவேனாம், கைப்பட எழுத வேண்டுமாம், ஒவ்வொரு பக்கத்தையும் அவள் படித்த பிறகுதான் கவரில் போட வேண்டுமாம். எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளே எழுதியிருப்பாள், பத்து மாதமாக அவள் வலது கையில் பேனா நிற்பதில்லை. அதையும் முதலிலேயே எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

அம்மா ஏன் என்னோடு போனில் பேசுவதில்லை, பொங்கலுக்கு வரவில்லை என்று கோபமா என்று நீ எத்தனையோ தடவை கேட்டாய். ஆமாம் கோபம்தான், தானாகத் தணியும், விடு என்றேன். கோபமே இல்லை. போனைப் பிடிக்க முடியாது, பிடித்தால் மணிக்கட்டில் தீ வைத்த மாதிரி எரிகிறதாம். ஸ்பீக்கரில் போட்டு நான் பிடித்துக்கொண்டிருக்கலாம். பேசவிட்டால் உண்மையைச் சொல்லிவிடுவாள் என்று பயந்து அதைச் செய்யவில்லை. இன்னொன்றும் கேட்டுக்கொள். போன வருஷம் ஆடியில் அவள் திருமலைக்குப் போய் முடி கொடுத்துவிட்டு வந்தாள், நீ வீடியோவில் பார்த்து, எனக்காகவா அம்மா வேண்டிக்கிட்ட என்று கண் கலங்கினாய், மாப்பிள்ளைகூட அங்கிருந்தே கும்பிட்டார். அது வேண்டுதல் இல்லை. கை தோளுக்கு மேல் ஏறவில்லை, தலை வார முடியவில்லை. என்னை வாரிவிடச் சொன்னாள். பொம்பளை வேலையெல்லாம் எனக்கு வராது என்றேன். மூன்று நாள் சிக்குப் பிடித்த தலையோடு இருந்தாள், நாலாம் நாள் தனியாக பஸ் ஏறிப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தாள். வேண்டுதல் என்று ஊருக்கெல்லாம் சொன்னது நான்தான். நல்ல பெயர் வந்தது.

நான்கு வருஷத்துக்கு முன்னால் விரல்கள் வீங்கியபோது புத்தூரில் எலும்புக்குக் கட்டுப் போடுகிறவர்களிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர்கள் தொட்டுப் பார்த்ததும் இது முறிவு இல்லை, பெரிய டாக்டரிடம் காட்டுங்கள் என்று நாணயமாக அனுப்பிவிட்டார்கள். திருப்பதியில் மூட்டு டாக்டர் சாய்குமாரை நெட்டில் தேடிக் கொடுத்தது நீ. முடக்குவாதம் என்றார், வாரம் ஒரு நாள் போடுகிற மாத்திரை எழுதினார், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொன்னார். ஒரு தடவைகூடத் தவறவில்லை, பதினாறு தடவை நாராயணவனம், புத்தூர் வழியாக பஸ்ஸில் இடம் பிடித்து உட்காரவைத்துக் கூட்டிப்போயிருக்கிறேன், அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் அங்கே வராண்டாவில் ஒரு தாள் நிரப்புவார்கள். எட்டுக் கேள்வி. தானே உடுத்திக்கொள்கிறாரா, நிறைந்த டம்ளரைத் தூக்குகிறாரா, குழாயைத் திருகுகிறாரா, இப்படி. சுலபமாகச் செய்தால் பூஜ்யம், முடியவே முடியாது என்றால் மூன்று. கடைசியில் வலிக்குத் தனியாகப் பத்து வரை ஒரு கோடு. அறுபது பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் தாள் நிரப்புகிற பெண் ஓடிக்கொண்டே தெலுங்கில் கேட்பாள். உன் அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிடுவேன், பர்வாலேதம்மா, ரெண்டு வேஸ்கோ, பரவாயில்லை, இரண்டு போட்டுக்கொள் என்று.

ஏன் சொன்னேன் என்று உன் அம்மா கேட்டாள், நீயும் கேட்பாய். முப்பத்திரண்டு வருஷம் ஜில்லா பரிஷத் ஹைஸ்கூலில் கணக்கு வாத்தியாராக இருந்தவன், தாளைக் கண்டால் மார்க் நன்றாக வர வேண்டும் என்கிற புத்தி. இந்தத் தாளில் எண் குறைந்தால் நல்ல மார்க் என்று முதல் நாளே பிடித்துக்கொண்டேன். வலிக்கு முதல் தடவை ஏழு, அடுத்தது ஐந்து, அப்புறம் நாலு, மூணு, ரெண்டு. டாக்டர் பார்த்துவிட்டு வெரி குட் மாஸ்டாரு, நன்றாகக் கவனித்துக்கொள்கிறீர்கள் என்பார். அவர் என்னைத்தான் பாராட்டினார். மூன்றாவது தடவை உன் அம்மா என் பேச்சை மறித்து, இல்லம்மா, ராத்திரி பூரா வலிக்குது, புடவைகூடக் கட்டிக்க முடியல என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாள். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது, சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் சிரித்துக்கொண்டே அவளுக்குக் கொஞ்சம் மனசு பலவீனம், வலி அவ்வளவு இல்லை என்று சொல்லி நாலு போட வைத்தேன். அப்புறம் பஸ் ஸ்டாண்டில் வைத்து, நாலு பேர் முன்னால் மூக்கைச் சிந்திக்கொண்டு என் மானத்தை வாங்கவா கூட வந்தாய், வயசான காலத்தில் உனக்கு நாடகம் எதற்கு என்று கேட்டேன். நாலு நாள் நான் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்குப் பிறகு போன மாதத்துக்கு முன்னால் வரை பன்னிரண்டு தடவை போனோம். அவள் ஒரு தடவைகூட வாயைத் திறக்கவில்லை.

இதையெல்லாம் படித்து என்னை மட்டும் திட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதே கௌசிகா. உனக்கு அங்கே என்ன வேலை? மூட்டுநோய்ப் பிரிவில் வைத்தியம் எந்த லட்சணத்தில் நடக்கிறது என்று அளந்து, எங்கே குறை என்று எடுத்துச் சொல்கிற வேலை. ஊரார் முழங்காலையெல்லாம் அளக்கிறவள் நீ. ஒவ்வொரு தடவையும் கிளினிக்கிலிருந்து வெளியே வருவதற்குள் உன் மெசேஜ் வந்துவிடும், நம்பர் என்ன நைனா? நான் அனுப்புவேன். நீ கட்டைவிரல் போடுவாய். அந்த எண்களை வைத்துக் கோடு வரைந்து எனக்கும் அனுப்பினாய், ஏழில் தொடங்கி ஒன்று வரை அழகாக இறங்கிக்கொண்டே வருகிற கோடு. உன் ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் அதைத் திரையில் போட்டு இது என் அம்மா என்று சொன்னாயாம், எல்லோரும் கை தட்டினார்களாம், அந்த வீடியோவை நம் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் நான் அனுப்பினேன். நம்பர் என்ன என்று நான்கு வருஷத்தில் பதினாறு தடவை கேட்டாய். ஒரு தடவையாவது உன் அம்மாவிடம் கேட்டாயா? இதை நான் கேட்கவில்லை, அவள் கேட்கச் சொன்னாள். நான் கேட்பதாக இருந்தால் இன்னும் கொஞ்சம் மோசமாகவே கேட்டிருப்பேன், ஏனென்றால் நான் பொய் சொன்னது உன் கட்டைவிரலுக்காகவும்தான்.

எப்படி வெளியே வந்தது என்று சொல்கிறேன். கிளினிக்கில் இந்த வருஷம் சபீனா என்று ஒரு நர்ஸ் சேர்ந்திருக்கிறாள், வாணியம்பாடிப் பெண், தமிழ் பேசுவாள். பழைய தாள்களை எடுத்து அடுக்கும்போது, உன் அம்மாவுடையதில் டாக்டர் தொட்டுப் பார்த்து எழுதிய வீங்கிய மூட்டுகள் பதின்மூன்று, அதே நாளில் வலி எண் ஒன்று, இரண்டும் ஒரே ஆளுடையதா என்று அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. தாளின் மூலையில் ஒரு கட்டம் சேர்த்தாள், பதில் சொன்னது யார் என்று. ஒரு மாதம் எல்லாத் தாளிலும் அதை நிரப்பிப் பார்த்தால், பெண்களுடைய தாள் நூற்றுப் பத்தில் அறுபத்து நாலில் பதில் சொன்னது புருஷனோ மகனோ. அதைப் பார்த்த டாக்டர், கூட வந்தவர்கள் வெளியே என்று விதி போட்டுவிட்டார். போன மாதம் நாங்கள் போனபோது அந்தப் பெண் என்னைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு உன் அம்மாவை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். இருபது நிமிஷம். நான் இரண்டு தடவை எழுந்து போய்க் கதவைத் தட்டினேன், திறக்கவில்லை.

உள்ளே கூப்பிட்டபோது தாள் மேஜைமேல் இருந்தது. எட்டுக் கேள்விக்கு மொத்தம் இருபத்து நாலு, அதில் இருபத்தொன்று. வலி ஒன்பது. சபீனா என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், ஏம்மா பத்து சொல்லலன்னு கேட்டேன் சார், பத்துன்னு சொன்னா எங்க வூட்டுக்காரரு பொய்யின்னு சொல்வாரும்மா, ஒம்போதே போட்டுக்கோன்னாங்க என்று. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வலது கையில் மூன்று விரல்களின் மூட்டு எலும்பு அரித்துப்போயிருக்கிறது, இனி நிமிராது. இந்த நம்பர் இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே என் கைக்கு வந்திருந்தால் அப்போதே மருந்தை மாற்றியிருப்பேன் மாஸ்டாரு, கையைத் தொட்டேன், ஆனால் தாளை நம்பினேன், அது என் தப்பு என்றார். அவர் தன் தப்பை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார், எனக்கு இத்தனை பக்கம் ஆகிறது. இடது கையைக் காப்பாற்றலாம் என்கிறார். அதற்கு வேறு ஊசி. ரத்தப் பரிசோதனை, சளிப் பரிசோதனை எல்லாம் முடிந்து போன திங்கட்கிழமை முதல் ஊசி போட்டாகிவிட்டது. பிடிக்குமா பிடிக்காதா என்று மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். இடது கையும் போய்விட்டால் அவளால் தானாக ஒரு வாய் சோறுகூட எடுத்துத் தின்ன முடியாது. ஊட்டிவிட நான் இருக்கிறேன் என்றேன். நீ ஊட்டி நான் துன்றதுக்கு பட்டினி கெடக்கலாம் என்றாள்.

நீ அனுப்பிய கோட்டைப் பிரின்ட் எடுத்து சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருந்தேனே, ஊசி போட்டுக்கொண்டு வந்த அன்றைக்கு அதை இறக்கச் சொன்னாள். சட்டத்திலிருந்து பிரித்துக் கையில் கொடுத்தேன். கிழிக்கப் பார்த்தாள், அந்த மெல்லிசுக் காகிதத்தைக் கிழிக்க அவள் விரலில் பலமில்லை. நீயே கிழி என்றாள். கிழித்தேன். இன்னும் சின்னதா என்றாள். அவள் போதும் என்று சொல்கிறவரை கிழித்தேன். அப்புறம்தான் உனக்கு எழுதச் சொன்னாள். நாளைக்கு இந்தக் கடிதத்தைப் புத்தூர் போஸ்ட் ஆபீசில் சேர்த்து ரசீதை அவளிடம் காட்டிய பிறகு, உன் மாமன் சம்பத் பாகாலாவிலிருந்து கார் எடுத்துக்கொண்டு வருகிறான். அவள் அவனோடு போகிறாள். அடுத்த ஊசிக்கு அங்கிருந்தே திருப்பதிக்கு ரயிலில் போய்க்கொள்வாளாம். எத்தனை நாள் இருப்பாள் என்று தெரியாது. நான் செய்தது தப்புதான், மன்னித்துவிடு என்று நேற்று கேட்டும் விட்டேன், இந்த வயசில் என்னிடமிருந்து இது வரும் என்று அவள் எதிர்பார்த்திருக்க மாட்டாள் என்று நினைத்தேன். மன்னிச்சா விரலு நிமுருமா என்று கேட்டாள். வெறுமனே கேட்டாள், தோசை வெந்துச்சா என்று கேட்கிற மாதிரி.

உனக்குச் சொல்ல வேண்டியது இரண்டு இருக்கிறது. உன் ஆஸ்பத்திரித் தாளில் சபீனா போட்ட மாதிரி ஒரு கட்டம் இருக்கிறதா என்று போய்ப் பார். அங்கேயும் நம் பக்கத்துப் பெண்கள் புருஷனோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள், அந்தப் புருஷன் நல்ல இங்கிலீஷ் பேசுவான், அவனை நம்பாதே. இரண்டாவது, பாகாலாவுக்குப் போன் செய். சம்பத் பிடித்துக்கொள்வான். நம்பர் கேட்காதே. எப்பிடிக்கிற அம்மான்னும் கேக்க வேணாம், இன்னிக்கு இன்னா செய்ய முடியலன்னு கேட்டுட்டு, நான் சொல்லி முடிக்கிறவரிக்கும் அவ வாய மூடிக்கினு இருக்கட்டும், அதுவே போதும் என்று சொல்லச் சொன்னாள். உன்னால் முடியுமா தெரியவில்லை, உனக்கும் என் வாய்தான். அவசரப்பட்டு டிக்கெட் போட்டுக்கொண்டு ஓடி வராதே, வந்தால் நேராக இந்த வீட்டுக்கு வராதே, அதுவும் அவள் சொன்னதுதான். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது சாப்பிட்டுவிட்டுப் போ, குளிருக்கு உள்ளே இன்னொரு சட்டை போட்டுக்கொள்.

முடிக்கும்போது வழக்கம்போல, அம்மாவும் நானும் உங்கள் இருவரையும் ஆசீர்வதிக்கிறோம் என்று எழுதினேன். படித்துப் பார்த்துவிட்டு அந்த வரியை அடிக்கச் சொன்னாள். அவள் ஆசீர்வாதத்தை இனி நான் சொல்லக் கூடாதாம். வேண்டுமென்றால் நீயே அவளிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டுமாம், கொடுப்பதும் கொடுக்காததும் அவள் இஷ்டமாம். ஆகவே இதில் இருப்பது என்னுடையது மட்டும். தீர்க்காயுசாக இரு.

இப்படிக்கு,
உன் நைனா,
வேங்கடாசலம்.