மடைக்காவலர் பூதி குழுவிலிருந்து நீக்கப்பட்டமை பற்றித் தாழைக்கரை மாதேவியார்க்கு

உப்பளம் முந்நூறும் தென்னந்தோப்பு எழுநூறும் உடைய கோமகள், கடலும் ஆறும் கைகோக்கும் தாழைக்கரை நாட்டின் தலைவி, பேரேரி நீர்மட்டக் குழுவைத் தம் திருக்கரத்தால் தோற்றுவித்த பெருமாட்டி, மாதேவி நங்கைபிராட்டியார் திருமுன்பு, மேலைச் செங்குன்ற நாட்டு நீர்த்துறை அமைச்சன் சேந்தன் நக்கன் தலை தாழ்த்தி எழுதிக்கொள்ளும் ஓலை.

தங்கள் கொற்றம் நிலைக்க. தங்கள் யானைகள் கொழுக்க. தங்கள் குடிகள் கூடிய விரைவில் மேட்டில் ஏறுக. இவ்விடத்தில் மழை பெருகுக என்று வாழ்த்துவதே இரு நாட்டு மரபும் என்பதை அடியேன் அறிவேன். ஆயினும் ஐப்பசி பிறந்த பதினான்கு நாளில் இவ்வாண்டுக்குரிய மழையும் அடுத்த ஆண்டுக்குரியதும் சேர்ந்தே பெய்துவிட்டபடியால், அவ்வாழ்த்தை மட்டும் தற்காலிகமாக நிறுத்தி வைத்திருக்கிறோம். பிழை பொறுத்தருள்க.

செய்தி இது. இன்று உச்சிப்பொழுதில் பேரேரியின் நான்கு கதவுகளும் திறக்கப்படும். திறந்த இரண்டு நாழிகையில், தங்கள் எல்லைக்குள் முதலில் வரும் அடிமடையூரின் நூற்று நாற்பது வீடுகளிலும் கூரைமட்டத்துக்குத் தண்ணீர் நிற்கும். திறவாது விட்டால் கரை உடையும். உடைந்தால் அடிமடையூரோடு எங்கள் கரையோர ஊர்களும் தங்கள் தலைநகரும் போகும். இதில் ஐயமில்லை. ஐயம் ஒன்றே: அடிமடையூரார் ஒருவரும் இந்நேரம் வரை வீட்டைவிட்டு நகரவில்லை. ஏன் நகரவில்லை என்று விளக்குவதற்கே அடியேனுக்கு இத்தனை ஓலை செலவாகிறது.

கைப்பேசி இருக்க ஓலை எதற்கு என்று தாங்கள் வினவலாம். நேற்று மாலை முதல் தங்களுக்குப் பதினேழு செய்திகள் அனுப்பினோம். பதினேழும் போய்ச் சேர்ந்தன, ஒன்றும் படிக்கப்படவில்லை. தாங்கள் நீர்மட்டக் கைப்பேசிக் குழுவையும் அதிலுள்ளோர் எண்கள் யாவற்றையும் ஓராண்டுக்கு ஒலியடக்கி வைத்திருப்பதாகத் தங்கள் அரண்மனைச் சமையலாள் வழியாக அறிந்தோம். குறை சொல்லவில்லை, எங்கள் அரசரும் அவ்வாறே செய்துள்ளார். நேரே அழைத்தும் பார்த்தோம். அடியேனின் எண்ணை யாரோ மனை விற்பவன் என்று குறித்துவைத்தபடியால், அழைப்பு தங்கள் தோழியர் கையிலேயே துண்டிக்கப்பட்டது. கடைசி முறை துண்டிக்கும் முன் அவர்களுள் ஒருத்தி, "எங்க ராணியம்மாவுக்கே நாடு இருக்கு, அரை கிரவுண்டு எதுக்குய்யா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வியாகவே பட்டது.

இனி நடந்ததை முறைப்படி சொல்கிறேன்.

மூன்றாண்டுக்கு முன் தாங்கள் அக்குழுவைத் தோற்றுவித்தது ஒரே ஒரு செயலுக்காக. எங்கள் மடைக்காவலர் பூதி ஏரியின் நீர்மட்டத்தை அளந்து போட வேண்டும். ஆற்றோரக் குடிகள் பார்க்க வேண்டும். குழுவை நடத்தும் அட்மின் பொறுப்பை அடியேனிடம் ஒப்படைத்தீர்கள். முதல் மாதம் அறுபது பேர் இருந்தோம், நீர்மட்டம் மட்டுமே இருந்தது. பின்னர் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் ஆனோம். காலை வணக்கம் வந்தது. பலாப்பழ வியாபாரம் வந்தது. பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் பசு பால் சுரக்காது என்னும் செய்தி வந்தது. அதை அனுப்பாத ஒருவரின் பசு உண்மையிலேயே பால் நிறுத்தியதும், அது காளை என்று மற்றொருவர் சொன்னதும், அதன்மேல் நான்கு நாள் நடந்த சண்டையும் வந்தன. அடியேன் 'அனைவரும் பொறுமை காக்கவும்' என்று ஓராண்டில் நாற்பத்து மூன்று முறை எழுதினேன். இன்று என் பெயரைக் கண்டாலே குடிகள் படிக்காமல் தாண்டிப் போவதற்கு அதுவே காரணம் என்று அஞ்சுகிறேன்.

இவர்கள் எல்லோரினும் ஓயாதவர் தங்கள் நாட்டவர்: யானைக் கொட்டில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் மாவளத்தார். அடிமடையூரிலேயே மிகத் தாழ்ந்த தெருவில், ஆற்றைப் பார்த்த வீட்டில் இருக்கிறார். யார் எது சொன்னாலும் 'ஆதாரம் எங்கே?' என்று கேட்பார். பூதி அளக்கும் முழக்கோல் இரண்டு விரல் கூடுதல் நீளம் என்று ஒன்பது மாதம் வாதிட்டார். ஒருவரை நீக்குமுன் மூன்று முறை அழைத்து விளக்கம் கேட்க வேண்டும் என்பது இரு நாட்டுக்கும் பொதுவான சட்டமாதலால், அவரைக் குழுவிலேயே அழைத்து விளக்கம் கேட்டோம். முதல் விளக்கம் நூற்றுப்பத்துச் செய்தி. இரண்டாவது முந்நூறு. மூன்றாவதைக் கேட்கும் துணிவு எங்களில் எவர்க்கும் இல்லை.

ஆகவே அடியேன் எங்கள் நாட்டு வழக்கத்தைக் கைக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் பந்தியில் உட்கார்ந்து சத்தம் போடுகிறவரை யாரும் அதட்டுவதில்லை. எழுப்பி நிறுத்தி, சாம்பார் வாளியைக் கையில் கொடுத்துவிடுவோம். பரிமாறத் தொடங்கினால் வாய் தானாக மூடிக்கொள்ளும். அவ்வாறே சென்ற ஆவணியில் மாவளத்தாரையும் அட்மின் ஆக்கினேன். தங்களைக் கேட்கவில்லை. ஆணை, கையெழுத்து, குற்றம் மூன்றும் அடியேனுடையவை.

முதல் மாதம் பயன் கண்கூடாகத் தெரிந்தது. பலாப்பழக்காரர் ஒரே நாளில் மறைந்தனர். காலை வணக்கத்துக்கு நேரம் வகுத்தார். விதிகள் பதினொன்று எழுதினார். அவற்றுள் நான்காம் விதி, ஒரே செய்தியை ஒருவர் ஒரு நாளில் மும்முறைக்கு மேல் போடலாகாது என்பது. நல்ல விதி என்று அடியேனே கைதட்டும் சின்னம் இட்டேன். அவ்விதியின் கீழ் முதலில் அகப்படப்போகிறவர் யார் என்பதை அன்று நினைத்துப் பார்க்கவில்லை.

நேற்று காலை முதல் ஏரி ஏறத் தொடங்கியது. பூதி நாழிகைக்கு ஒரு முறை மட்டம் போட்டார். அதன்பின் நிகழ்ந்ததை ஸ்கிரீன்ஷாட்டிலிருந்து எழுத்தாணியால் உள்ளபடி படியெடுத்திருக்கிறேன். இடையே வந்த காலை வணக்கத் தாமரைப் படங்களை மட்டும் ஓலையில் இடமின்றி விட்டிருக்கிறேன்.

மாவளத்தார்: "தம்பி பூதி, ஒரே விசயத்த எத்தன தடவ போடுவ? இதோட ஏழாச்சு. விதி நாலு படிச்சியா இல்லியா?"

பூதி: "ஐயா, மட்டம் ஏறிக்கிட்டே இருக்குதுங்க. அதான் போடறேன்."

மாவளத்தார்: "ஏறட்டும்யா. ஏறி முடிச்சப்புறம் ஒரேயடியா ஒரு தடவ போடு."

பூதி: "முடிச்சப்புறம் போட்டா படிக்க ஆளு இருக்கணுமே ஐயா."

மாவளத்தார்: "பயமுறுத்துற மாதிரி பேசக் கூடாது. விதி ஏழு."

அத்துடன், மும்முறை விளக்கம் கேட்டாயிற்று என்று பூதி நீக்கப்பட்டார். அடுத்த செய்தி, அடிமடையூரில் சட்டிபானை விற்கும் வேலாத்தாள் என்பவருடையது: "அப்பாடா. இப்பத்தான் குழு குழுவா இருக்கு."

அடியேன் உடனே நுழைந்து, பூதி சொன்னது மெய், ஊரைக் காலி செய்யுங்கள் என்று எழுதினேன். மாவளத்தாரின் மறுமொழி இது: "அமைச்சரே, நீங்க சூடா இருக்கீங்க. மூணு நாள் ஓய்வு எடுங்க. விளக்கம் கேட்டு மூணு தடவ கூப்பிடுவேன், பொறுமையா பதில் சொல்லுங்க." என் அட்மின் பொறுப்பும் எழுதும் உரிமையும் அந்தக் கணமே பறிக்கப்பட்டன. சட்டப்படிதான் செய்திருக்கிறார். அதில் குறை காணவும் இடமில்லை.

வேறு குழு தொடங்கினோம். 'போலிக் குழு நடமாட்டம், யாரும் சேர வேண்டாம்' என்று மாவளத்தார் முதற்குழுவில் அறிவித்தார். ஊரார் நூறு பேர் அவருக்கு நன்றி சொன்னார்கள். பறையறைவோனை நேரில் அனுப்பினோம். தெரு முழுதும் அடித்துச் சொன்னான். "குழுவுல ஒண்ணும் வரலியேப்பா, நீ எந்த ஊருப் பறை?" என்று கேட்டு, மோர் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நல்ல மோர் என்றான். மாவளத்தாரைக் காணப் பூதியே இன்று விடியலில் நேரில் போனார். பெரியவர் திண்டில் சாய்ந்து, கைப்பேசியை நெஞ்சின்மேல் வைத்தபடி, "நேர்ல வந்து செல்வாக்கு காட்டக் கூடாது தம்பி. அப்பீல் எழுதிப் போடு" என்றாராம். அவர் வாசற்படிக்கும் ஆற்றுக்கும் இடையே அப்போது எட்டு அடி.

மாதேவியார் அறிக: அவர் கெட்டவர் அல்லர். இரவும் பகலும் கண்விழித்து அக்குழுவைக் காக்கிறார். எதற்காகக் காக்கிறோம் என்பதை மட்டும் இடையில் எங்கோ தவறவிட்டுவிட்டார். அக்குழுவை அவர் கையில் கொடுத்தவன் அடியேன் என்பதை அழுத்தி எழுதினேன். ஓலையில் இரண்டு இடம் கிழிந்திருப்பது அதனால்தான்.

இந்நிலையில் அடியேன் ஒரு முடிவு செய்திருக்கிறேன். அமைச்சன் சொல்வதை யாரும் நம்பவில்லை. ஆனால் அமைச்சன் ஓடினால் நம்புவார்கள் என்று எண்ணுகிறேன். ஆகவே இவ்வோலை தங்கள் கைக்கு வரும் வேளையில் என் மனைவி நாச்சி, மாமியார், இரு கொழுந்தியர், ஐந்து பசு, ஒரு ஆட்டுக்கல் ஆகியோருடன் அடியேன் இரண்டு வண்டியில் எல்லை கடந்து அடிமடையூர் கீழைத்தெருவில் இறங்குவேன். இறங்கி, மூட்டை முடிச்சைத் தலையில் ஏற்றிக்கொண்டு, கூவியபடியே தெரு முழுதும் ஓடி, ஊருக்கு அப்பாலுள்ள கழுகுமேட்டில் ஏறுவோம். போதாதென்று தோன்றினால் மீண்டும் இறங்கி வந்து மறுபடி ஓடுவோம்.

இதை வீட்டில் சொன்னபோது, "நம்ம ஊரு மேட்டுல சும்மா இருக்கிறவங்க, அவங்க ஊரு பள்ளத்துக்கு வண்டி கட்டிப் போயி ஓடிக் காட்டணுமா?" என்று நாச்சி கேட்டாள். ஆமென்றேன். "அப்ப நல்ல புடவை கட்டக் கூடாது. அவசரத்துல ஓடுறவ பட்டா கட்டுவா?" என்று சொல்லி மாற்றிக்கொள்ளப் போனாள். மாமியார் மட்டும், அழுதுகொண்டு ஓடுவதா திட்டிக்கொண்டு ஓடுவதா என்று தெளிவு கேட்டார். திட்டுவது இயல்பாக வரும் என்பதால் அதையே வேண்டிக்கொண்டேன்.

ஆதலால் மாதேவியார்க்கு மூன்று விண்ணப்பம்.

அயல்நாட்டு அமைச்சன் ஒருவன் பரிவாரத்துடன் தங்கள் எல்லைக்குள் ஓடிவருவதைக் கண்டு எல்லைக்காவலர் படையெடுப்பென்று அம்பு தொடுக்காதிருக்க, இவ்வோலை கண்ட கணமே குதிரையில் ஆள் அனுப்புக. ஆட்டுக்கல் ஆயுதம் அன்று என்றும் அவர்களுக்குச் சொல்லப்படுக.

குழுவைத் தோற்றுவித்தவர் தாங்களாதலால் தங்களை நீக்க மாவளத்தாராலும் இயலாது. ஒலியடக்கத்தை நீக்கி, பூதியை மீண்டும் சேர்த்து, 'மேட்டுக்குப் போங்கள்' என்று தங்கள் பெயரில் ஒரே ஒரு வரி இடுக. விளக்கம் வேண்டாம். விளக்கினால் விவாதம் தொடங்கும்.

மூன்றாவது, மாவளத்தாரைப் பற்றியது. நாங்கள் ஓடுவதைக் கண்டு ஊரே ஓடினாலும் அவர் ஓடமாட்டார். ஆதாரம் கேட்டு அமர்ந்திருப்பார். அவரைக் குழுவிலிருந்து நீக்க வேண்டாம். வீட்டிலிருந்து நீக்கினால் போதும். யானைக் கொட்டிலில் முப்பதாண்டு பணிசெய்தவராதலால், தங்கள் பட்டத்து யானையையே அனுப்பினால் அதன் பேச்சை ஒருவேளை கேட்பார். கைப்பேசியைப் பிடுங்க வேண்டாம், பிடுங்கினால் இறங்கமாட்டார். மேட்டிலும் சிக்னல் உண்டு என்று முதலிலேயே சொல்லிவிடுக.

கழுகுமேட்டில் எல்லோரும் ஏறியபின், அடியேன் ஓடியதைத் தங்கள் நாட்டுக் கல்வெட்டுக்காரர் எப்படிப் பொறித்தாலும் ஏற்பேன். அமைச்சன் அஞ்சி ஓடினான் என்றே பொறிக்கட்டும். அது பொய்யும் அன்று.

இனி ஆணை; இதன் படி ஒன்று மடைக்கும் போகிறது. மடைக்காவலர் பூதி கண்டு கடைப்பிடிக்க: உச்சிப்பொழுதில் நான்கு கதவும் திறப்பீராக. கழுகுமேட்டிலிருந்து அடியேன் கொடி காட்டினாலும் காட்டாவிட்டாலும் திறப்பீராக. அடியேன் எந்தத் தெருவில் எத்தனையாவது முறை ஓடிக்கொண்டிருக்கிறேன் என்று எட்டிப் பார்த்துத் தயங்கலாகாது. கரை நிற்பது உம் கையில்; மற்றது எங்கள் காலில்.

ஓலை கொணரும் குதிரைவீரனை தண்ணீர் கொடுத்தும் நலம் கேட்டும் தாமதப்படுத்தலாகாது. செங்குன்ற நாட்டு நாரை முத்திரை அரக்கில் பதித்து, விடிந்த நான்காம் நாழிகையில், இரு கதவின் மேல் தண்ணீர் வழியத் தொடங்கிய வேளையில், நீர்த்துறை அமைச்சன் சேந்தன் நக்கன் எழுத்து.

இவ்வோலைக்கு அடிமடையூர் முகவரியில் மறுமொழி விடுக்க வேண்டாம். உச்சிக்குப்பின் அங்கே அதை வாங்க ஒருவரும் இருக்கலாகாது.